அதே வாசலில் பதினோரு தடவை

வர்றயா, இங்கேயே இருக்கறயா என்று ஒருவர் கேட்டால் வர்றேன் என்று சொல்லலாம், இருக்கிறேன் என்று சொல்லலாம், யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். சரிங்க என்று எந்த ஊரிலாவது யாராவது பதில் சொல்வார்களா என்று கோகிலவாணி நேற்று மாலையிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே உரித்ததில் சின்ன வெங்காயம் தோல் தட்டிலும், தோல் வெங்காயக் கிண்ணத்திலும் விழுந்திருந்தன. அவற்றைப் பொறுக்கி இடம் மாற்றினாள். அவள் கணவன் நவநீதனுக்குக் கம்பெனியில் புனேக்கு மாற்றல், இரண்டு வருஷம், அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி அங்கே இருக்க வேண்டும் என்பது செவ்வாய்க்கிழமையே வீட்டுக்குத் தெரியும். குடும்பத்தோடு வந்தால் தனி வீடு, தனியாக வந்தால் நான்கு பேரோடு ஓர் அறை. எதுவென்று திங்கட்கிழமை, அதாவது நாளைக் காலையில், எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அவன் நேற்று மொட்டை மாடியில், கொடியில் காய்ந்த துணிகளை இரண்டு பேருமாக எடுத்துக்கொண்டிருந்தபோது, தன்னுடைய வேட்டியின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மடித்தபடி, வேட்டியிடம் கேட்பதுபோலக் கேட்டான். வர்றயா, இங்கேயே அம்மாகூட இருக்கறயா, உன் இஷ்டம். அவள் துணி கிளிப் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட்டுச் சரிங்க என்றாள். அவன் வேட்டியை மடித்து முடிக்கும்வரை நின்றான். அப்புறம் அவனும் சரி என்று சொல்லிவிட்டுத் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். படியில் அவன் கால் வைத்த சத்தத்தை அவள் எண்ணினாள். பாதியில் ஒரு படியில் நின்றான், திரும்பி வரப்போகிறான் என்று நினைத்தாள், செருப்பு கழன்றிருக்கும் போலிருக்கிறது, மறுபடி இறங்கினான்.

கல்யாணமாகி ஐந்து மாதத்தில் அவள் அந்த வீட்டில் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுதான். சாம்பாரா ரசமா, சரிங்க. இப்பப் போலாமா அப்பறம் போலாமா, சரிங்க. மாமியார் ராஜாமணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பேர் மட்டும் கோகிலவாணி, வாயத் தொறந்தா குயிலும் இல்ல வாணியும் இல்ல, சரிங்க ஒண்ணுதான், எங்கம்மிணி வெவரமான புள்ள என்று பக்கத்து வீட்டில் பெருமையாகவே சொல்வாள். ஆனால் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகளுக்கு முன்னால் சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்குப் பேச்சு வருகிறது. பி.எட். இரண்டாம் வருஷம், டீச்சிங் பிராக்டீஸ். முதல் நாள் குரல் முன் பெஞ்சைத் தாண்டவில்லை, இரண்டாம் நாள் கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவளைப் பேர் சொல்லி எழுப்பிவிட்டாள், அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டு வந்தாள். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று பாடக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள், அதனால் வருகிறதோ என்னவோ. டிசம்பர் இருபதாம் தேதி வரை பிராக்டீஸ் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நவம்பரில் புனேக்குப் போனால் இந்த வருஷம் போய்விடும். இதை நேற்றுச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வரப் பிடிக்காமல் காரணம் சொல்கிறாள் என்று ஆகிவிடுமோ. வர்றேன் என்று சட்டென்று சொன்னால், கூப்பிடாமலே ஒட்டிக்கொண்டு வருகிறாள் என்று ஆகிவிடுமோ. அவன் வா என்று சொல்லவில்லையே. உன் இஷ்டம் என்றுதானே சொன்னான்.

உன் இஷ்டம். அப்பா சொல்வாரே, அது. சித்தோட்டில் அவர்கள் வீட்டில் அம்மா பச்சைப் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு கூடத்துக்கு வந்து, எங்கண்ணன் ஊட்டுக்கு ஒரு நட போயிட்டு வந்தர்றனுங்க என்பாள். அப்பா பேப்பரை இறக்காமல், போறதுன்னா போ, உன் இஷ்டம் என்பார். குரல் உயராது. அம்மா அப்படியே ஒரு நிமிஷம் நிற்பாள். அப்புறம் உள்ளே போவாள், பீரோக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும், பச்சைச் சேலை உள்ளே போய்விடும், அம்மா நூல் சேலையில் வெளியே வந்து அரிசி களைவாள். தலையில் பூ மட்டும் இருக்கும். கோகிலவாணிக்கு ஏழெட்டு வயதிலேயே தெரிந்துவிட்டது, அந்த வார்த்தை ஒரு கதவு, அது திறக்கிற மாதிரி சாத்தும். நேற்று மாடியில் கேட்டது அதே வார்த்தை. வேறு வாய், வேறு வேட்டி, ஆனால் அதே வார்த்தை. அவனுக்கு நான் வருவதில் இஷ்டம் இல்லை, அதை நேராகச் சொல்ல நல்ல மனது இடம் கொடுக்கவில்லை, அதனால் என் தலையில் போட்டுவிட்டான் என்று ராத்திரியே முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்துவிட்டுத் தூங்கியும் போனாள், அதுதான் ஆச்சரியம். காலையில் எழுந்ததும் முடிவு கலைந்து, மறுபடி முதலிலிருந்து.

போன் அடித்தது. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. ஒரு மாதம் கறி தின்னாத ஈரோடு முழுக்க இன்றைக்குக் கறிக்கடையில்தான் நிற்கும் என்று சொல்லிவிட்டே நவநீதன் தூக்குப்போசிப் பாத்திரத்தோடு வண்டியை எடுத்திருந்தான். ராஜாமணி சென்னிமலையில் ஒரு காதுகுத்துக்குப் போயாயிற்று. போனில் அவன் குரலுக்குப் பின்னால் கட்டையில் கத்தி விழுகிற சத்தமும், யாரோ வரிசையைப் பற்றிச் சண்டை போடுகிற சத்தமும் கேட்டன. இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்றான். நெஞ்செலும்பு சேர்த்துப் போடச் சொல்லட்டுமா, வெறும் கறியாக வாங்கட்டுமா என்று கேட்டான். சரிங்க என்றாள். சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதுன்னு சொல்லு என்றான். உங்க இஷ்டங்க என்றாள். அவன் மூச்சு விடுவது கேட்டது, சிரித்தானா சலித்துக்கொண்டானா என்று போனில் எப்படித் தெரியும். சரி, நீ சும்மா உக்காந்திருக்காத, கம்ப்யூட்டர் ஆன்லதான் இருக்குது, வேணும்னா வெளையாடு என்று சொல்லி வைத்துவிட்டான். உங்க இஷ்டங்க என்று தான் சொன்னபோது தனக்கு அவன்மேல் கோபமோ வெறுப்போ எதுவும் இல்லையே என்று ஓர் எண்ணம் வந்தது. உண்மையிலேயே அவனுக்கு எது பிடிக்குமோ அது இருக்கட்டும் என்றுதானே சொன்னாள். அந்த எண்ணம் நிற்கவில்லை. வெங்காயக் கையைக் கழுவப் போனதில் குழாய்த் தண்ணீரோடு போய்விட்டது.

கம்ப்யூட்டர் நடு அறையில், பீரோவுக்குப் பக்கத்தில். அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பேர். நவநீதன் மலைக்கோட்டை என்றுதான் சொல்வான். ஒரு வழிப்போக்கனை நாம் நடத்திக்கொண்டு போக வேண்டும், வழியில் சேருகிறவர்களோடு பேச வேண்டும், என்ன பேசுவது என்று திரையில் இரண்டு மூன்று வரி வரும், ஒன்றைத் தொட வேண்டும், நாம் தொட்டதைப் பொறுத்து அவர்கள் நெருங்குவார்கள் அல்லது விலகுவார்கள். சனி ஞாயிறுகளில் அவன் விளையாடும்போது அவள் பின்னால் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து பார்ப்பாள். கூட வருகிறவர்களில் இரண்டு பெண்கள். கார்வா வாள் வைத்திருப்பாள், தொடையைத் தட்டிச் சிரிப்பாள், கேட்காமலே பேசுவாள். ஓரின் மருந்துச் செடி பறிக்கிறவள். மலையடிவாரத்தில் ஒரு குடில், இருமிக்கொண்டு வரும் ஊர்க்காரர்கள், இறந்துபோன ஒரு தம்பி. ஓரின் கடைசியாகத்தான் நடந்து வருவாள். நாமாகப் போய்ப் பேசினால் ஒழியப் பேச மாட்டாள். மழை பெய்தால் கூடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் செடிகளுக்கு மேல் பிடிப்பாள். அதை வரைந்தவர் யாரோ கவனித்து வரைந்திருக்கிறார் என்று கோகிலவாணி நினைத்துக்கொள்வாள். அவகிட்டப் போய்ப் பேசுங்க என்று பல தடவை நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. அவன் ஓரினைத் தாண்டிக் கார்வாவோடு சண்டைக்குப் போய்விடுவான். இப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து திரையைத் தொட்டு எழுப்பியதும் தெரிந்த காட்சி, ஒரு கணப்பு, வழிப்போக்கன், அவன் தோளில் தலை சாய்த்துக் கார்வா. அவள் விரலில் அவன் கொடுத்த மோதிரம். மூலையில் சிவப்பாகத் துடிக்கிற ஓர் இதயம்.

அவள் அந்த மோதிரத்தையே பார்த்தாள். பொம்மை, பொம்மைக்குப் போய், என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும் கண் அதைவிட்டு நகரவில்லை. அவனுக்கு இப்படி ஒருத்திதான் வேண்டியிருந்திருக்கிறது. சத்தமாகச் சிரிக்கிறவள், வேண்டும் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவள், நெஞ்செலும்பு வேண்டுமா என்றால் வேணும், ரெண்டு துண்டு சேத்தியே போடச் சொல்லுங்க என்று சொல்லக்கூடியவள். அவன் ஆபீஸில் ஆடிட்டிங் பார்க்கிற ஒரு பெண் கல்யாணத்துக்கு வந்திருந்தாள், மேடையிலேயே அவன் முதுகில் ஒரு அடி வைத்து, மாட்டிக்கிட்டயா என்றாள், அவன் எப்படிச் சிரித்தான். புனேயில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள். இவள் போய் அந்த ஊரில் கடைக்காரனிடம் ஹிந்தியில் வாய் திறக்காமல், அவன் பின்னால் கூடையோடு கடைசியாக நடந்துகொண்டு. நினைத்தபோது அந்தக் கூடை எங்கிருந்து வந்தது என்று தெரிந்து அவளுக்கே சிரிப்பு வந்தது. வெளியே போய்விடலாம் என்று பட்டனைத் தேடினாள். எதையோ அழுத்தியதில் கணப்பு மறைந்து ஒரு பட்டியல் வந்தது. அவன் எந்தெந்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்து வைத்திருக்கிறான் என்கிற பட்டியல். எங்கே வேண்டுமானாலும் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி நடக்கலாம். வாழ்க்கையில் மாடிப்படிக்கு அப்படி ஒன்று இருந்தால். பட்டியலில் ஒரே இடத்தின் பேர் வரிசையாக வந்தது. ஓரினின் குடில், வாசல். ஓரினின் குடில், வாசல். எண்ணினாள், பதினொன்று. எல்லாம் போன வியாழக்கிழமை. அவள் ரெக்கார்டு நோட்டு எழுதிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்த நாள்.

ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு குறிப்பு வைத்திருந்தான், ஆங்கில எழுத்தில் தமிழ். பூ குடுத்துட்டு. தம்பி சமாதிக்குப் போயிட்டு. கஷாயம் குடிச்சுட்டு. கார்வாவ ஊர்லயே உட்டுட்டு. மழைல. எதுவும் பேசாம கூட நடந்துட்டு. மறுபடி. மறுபடி 2. நடுவில் ஒன்றுக்கு வெறும் கேள்விக்குறி. கடைசிக்கு முந்தியது, அவ பாட்டி கதைய முழுசாக் கேட்டுட்டு. கடைசி, போதும். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலாவதைத் திறந்தாள். குடில் வாசல். ஓரின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாளைக் காலையில் வழிப்போக்கன் மலை ஏறப்போகிறான், திரும்பி வருவது நிச்சயமில்லை. நீ நாளைக்குப் போகிறாயாமே என்கிறாள் ஓரின். கீழே மூன்று வரி. ஒன்று, இதயம் போட்டது, உன்னை விட்டு எங்கும் போக மாட்டேன், என்னோடு வா. இரண்டு, உடைந்த இதயம் போட்டது, நீ இங்கேயே இரு, அதுதான் உனக்கு நல்லது. மூன்று, எந்தக் குறியும் இல்லாதது, முடிவு உன்னுடையது, எதுவானாலும் எனக்குச் சம்மதம். மூன்றாவது வரி மட்டும் மங்கலாக இருந்தது. முன்பு ஒரு தடவை அவன் சொல்லியிருக்கிறான், நாம் ஏற்கெனவே தொட்டுப் பார்த்த வரி மங்கிவிடும், எந்த இடத்திலிருந்து தொடங்கினாலும் மங்கலாகவே இருக்கும் என்று. முதல் வரி பளிச்சென்று இருந்தது. இரண்டாவதும் பளிச்சென்று. கைபடவே இல்லை. அவள் இரண்டாவதாகச் சேமித்ததைத் திறந்தாள், மூன்றாவதைத் திறந்தாள், பதினொன்றையும் திறந்தாள். எல்லாவற்றிலும் அதே வாசல், அதே மூன்று வரி, அதே ஒன்று மட்டும் மங்கல். பூ கொடுத்துப் பார்த்திருக்கிறான், மழையில் வந்து பார்த்திருக்கிறான், கஷாயம் குடித்துப் பார்த்திருக்கிறான். எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறான், சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

அப்படிச் சொன்னால் என்னதான் ஆகிறது என்று அவளே மூன்றாவது வரியைத் தொட்டாள். ஓரின் அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓரினுடனான உறவு முடிந்தது என்று எழுத்து வந்தது. உடனே காட்சி மாறிக் கணப்பு, கார்வா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், கேட்காமலே தோளில் சாய்ந்தாள், பையில் இருந்த மோதிரத்தை ஆட்டமே எடுத்து அவள் விரலில் போட்டுவிட்டது. இதில் அவன் செய்தது ஒன்றுமே இல்லை. கோகிலவாணிக்குக் கண் ஓரத்தில் சிரிப்போ வேறெதுவோ வந்தது. அதைவிடப் பெரியதாகக் கோபம் வந்தது. இதை யார் எழுதினார்கள். எங்கோ ஒரு ஊரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, முடிவு உன்னுடையது என்று சொல்கிறவனுக்கு அன்பு இல்லை என்று யார் தீர்மானித்தார்கள். மறுபடி வாசலுக்குப் போய், இதயம் போட்ட வரியைத் தொட்டால் என்ன கிடைக்கும் என்று பார்த்தாள். வா என்றதும் சங்கீதம் வந்தது, ஓரின் ஒரு மூட்டையோடு ஓடி வந்தாள், இதைத்தானே நீ சொல்ல வேண்டுமென்று காத்திருந்தேன் என்றாள். மூட்டையை எப்போது கட்டினாள். இருமிக்கொண்டு வரும் அந்த ஊர்க்காரர்களுக்கு யார் கஷாயம் காய்ச்சுவார்கள், காய வைத்த செடிகள் என்ன ஆகும், இத்தனை நாள் மழையில் கூடையை எதற்கு மேல் பிடித்தாள் என்பதெல்லாம் ஆட்டத்துக்கு ஞாபகம் இல்லை. வா என்றால் வந்துவிடுகிறாள், இரு என்றால் இருந்துவிடுவாள். இவ்வளவு மாதமாகப் பின்னால் மோடாவில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தது இவளையா என்று இருந்தது. சப்பென்று இருந்தது. நான்காவதாக ஒரு வரி வேண்டும். அவனுக்கில்லை, அவளுக்கு.

அங்கேதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. முடிவு உன்னுடையது என்று ஒருவன் வாசலில் நின்று சொல்கிறான், பதினோரு தடவை வந்து நின்று சொல்கிறான். ஓரின் ஒரு தடவையாவது முடிவைச் சொன்னாளா. வருகிறேன் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. பார்த்தாள், உள்ளே போனாள், சாத்திக்கொண்டாள். மொட்டை மாடியில் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கோகிலவாணி செய்ததும் அதுதான். அவன் வேட்டியை மடித்து முடிக்கும்வரை நின்றானே, அது அவன் வாசலில் நின்ற நேரம். ஒரு வேட்டியை மடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவன் சொன்ன வரிக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. உடைந்த இதயத்தை அவளே கொண்டுபோய் ஒட்டியிருந்தாள்; சித்தோட்டிலிருந்து சீர்ச்சாமான்களோடு கூடவே வந்தது அது, யாரும் பட்டியலில் எழுதவில்லை. அப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது பேப்பரை இறக்கியதில்லை. இவன் சொல்லிவிட்டு நின்றான். இரண்டும் ஒரே வார்த்தை என்று எப்படி நினைத்தாள். நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு கட்டு, கட்டியிருந்ததே தெரியாத ஒரு கட்டு, தளர்ந்து அவிழ்ந்தது. உட்கார்ந்தபடியே அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஏதோ விளம்பரம் ஓடியது, தெருவில் யாரோ யாரையோ தண்ணி வந்திருச்சு என்று கூப்பிட்டார்கள், எல்லாம் இவ்வளவு நேரமும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. உடனேயே பயமும் வந்தது. தெரிந்துகொண்டால் போதுமா. நாளைக் காலைக்குள் வாய் திறக்க வேண்டுமே. நேற்று அவன் சரி என்று சொல்லிவிட்டு இறங்கினானே, அதை இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அறை போதும் என்று மனதுக்குள் எழுதி முடித்திருந்தால்.

மறுபடி பட்டியலுக்கு வந்திருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. பட்டியலை மூட நேரம் இருந்தது. அவள் மூடவில்லை. நவநீதன் தூக்குப்போசியோடு உள்ளே வந்து, வரிசையில் ஒருவர் தன் மச்சானுக்கும் சேர்த்து இடம் போட்டதில் வந்த சண்டையைச் சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனவன், பாதியில் திரையைப் பார்த்துவிட்டான். கழுத்துவரை சிவந்தது. அது சும்மா டெஸ்டிங்குக்கு என்றான். சரிங்க என்பது வாய்க்குள் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

“பதினோரு டெஸ்டிங்குங்களா?”

அவன் போசியை மேசையில் வைத்தான். நீ பின்னால உக்காந்திருக்கறப்ப இன்னொருத்திகிட்டப் போய்ப் பூக் குடுக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, அதனாலதான் நீ இல்லாதப்ப வெளையாடினேன் என்றான். என்ன செய்தாலும் அவள் வர மாட்டாள், கதவைச் சாத்திவிடுவாள், அந்த ஆட்டமே அப்படித்தான் என்றான்.

“மொத வரியச் சொல்லியிருந்தா வந்திருப்பா. நான் சொல்லிப் பாத்தேன். ஓடி வந்துட்டா.”

“அது தெரியும். அதுலதான் இதயம் போட்டிருக்குதே.” அவன் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஆனா வான்னு சொன்னா வர்றா, இருன்னு சொன்னா இருக்கறா. அவளுக்கு என்ன தோணுதுன்னு நான் எப்பத் தெரிஞ்சுக்கறது?”

அவன் ஓரினைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோய், இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் முதல் நாள் போல இருந்தது. பாடக்குறிப்பு இல்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து நான் சரிங்கன்னு சொன்னனே, அது பதில் இல்லீங்க.”

“அது எனக்கும் தெரிஞ்சுது,” என்றான் நவநீதன். “எதுக்கு நீ சரிங்கறேன்னு பாதிப் படியில நின்னு கேக்கலாம்னு பாத்தேன். கேட்டா அதுக்கும் சரிங்கன்னுருவயோன்னு இறங்கிட்டேன்.”

“எனக்குப் புனேக்கு வரணும்னு இருக்குதுங்க. ஆனா இப்ப வர மாட்டேன். டிசம்பர் இருபது வரைக்கும் பள்ளிக்கூடத்துல பிராக்டீஸ் இருக்குது. அத முடிக்காம வர மாட்டேன்.”

மாட்டேன் என்ற வார்த்தையை அந்த வீட்டில் அவள் சொல்வது முதல் தடவை. சொல்லிவிட்டு, ஏதாவது விழுந்து உடைகிறதா என்று காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. போசியின் மூடிமேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, அவன் அதை விரட்டினான்.

“நீங்களும் சொல்லுங்க,” என்றாள். “நான் வரணுமா, வேண்டாமா? உன் இஷ்டம்னு மட்டும் சொல்லீராதீங்க.”

“வரணும்,” என்றான். சொல்லிவிட்டு, அதுவரை மூச்சை அடக்கியிருந்தவன்போல மெதுவாக விட்டான். வீடு என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், டிசம்பர்வரை வெறும் வீட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறேன், ஒரு மாதம்தானே, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனான். இல்லை, அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன் என்றாள். அவன் சரி என்றான். போசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தவனுக்குப் பின்னாலேயே அவளும் எழுந்து போனாள். அவன் கறியைக் கழுவப் பாத்திரத்தில் கொட்டினான். பாதி நெஞ்செலும்பு, பாதி வெறும் கறி, இரண்டும் கலந்து வாங்கியிருந்தான்.

“ஏனுங்க,” என்றாள். “இன்னைக்குக் குழம்புல தேங்காய் அரைச்சு ஊத்த வேண்டாம். எனக்கு அது பிடிக்காது.”

அவன் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். “அஞ்சு மாசமாத் தின்னயே?”

“ஆமாங்க.”

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஈரக் கையைப் பின்பக்கம் துடைத்துக்கொண்டு மேடைமேல் சாய்ந்து நின்றான். “வேற?” என்றான்.

இருங்க என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி யோசிக்க ஆரம்பித்தாள். நிறைய இருந்தது, எதை முதலில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவன் அவசரப்படுத்தாமல் நின்றான்.